அமாலியா பெரெஸ்: எளிய எடைப்பிரிவைத் தேடிப் போனவரா?

8 செப்டம்பர் 2024, காலை 7.15 (வாசகர் ஒருவரின் கேள்வி)

பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் வலுதூக்குதல் 61 கிலோ பிரிவில் மெக்சிகோவின் அமாலியா பெரெஸ் 130 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். இவரே 2012இல் லண்டனில் 135 கிலோ தூக்கியவர். பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. நடுவில் 60 கிலோ பிரிவிலிருந்து 55க்கு இறங்கினார், பிறகு 61க்கு ஏறினார். எதிராளி யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று பார்த்து, எளிய இடம் தேடிப் போய்ப் பதக்கம் சேர்த்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் சாதனை எங்கே இருக்கிறது?

8 செப்டம்பர் 2024, இரவு 10.40

கேள்வியைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். உடனே எழுதியிருந்தால் சண்டையாகியிருக்கும் என்பதால் இரவுவரை பொறுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. பாராலிம்பிக்கில் ஆண்களுக்கான பளு தூக்கும் போட்டி 1964 டோக்கியோவிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கான வலுதூக்குதல், அதாவது பலகையில் படுத்துக் கம்பியை மேலே தள்ளும் போட்டி, 2000இல் சிட்னியில்தான் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து பாரிஸ்வரை ஏழு பாராலிம்பிக்குகள் நடந்துள்ளன. பெரெஸ் சிட்னியில் வெள்ளி, ஏதென்ஸில் வெள்ளி, பெய்ஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ நான்கிலும் தங்கம், இப்போது பாரிஸில் வெண்கலம் பெற்றிருக்கிறார். பெண்கள் வலுதூக்குதல் என்ற ஒன்று பாராலிம்பிக்கில் நடந்த ஒவ்வொரு முறையும் அவர் மேடையேறியிருக்கிறார். ஒரு விளையாட்டுக்கும் ஒரு வீராங்கனைக்கும் ஒரே வயது என்று சொல்லத்தக்க இப்படியொரு வரலாறு வேறெங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான்கு தங்கமும் நான்கு வெவ்வேறு எடைப்பிரிவுகளில் வந்தவை: பெய்ஜிங்கில் 52, லண்டனில் 60, ரியோவில் 55, டோக்கியோவில் 61. எளிய இடத்தைத் தேடிப் போனவர் என்கிறீர்கள். உடம்பை எட்டு கிலோ ஏற்றி, ஐந்து கிலோ இறக்கி, மறுபடி ஆறு கிலோ ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் உலகின் முதலாமவராக நிற்பது எளிதென்றால், கடினமானது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

9 செப்டம்பர் 2024, காலை 6.30

நேற்றைய குறிப்பை மறுபடி படித்தேன். ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. லண்டனின் 60ஐயும் டோக்கியோவின் 61ஐயும் இரண்டு தனிப் பிரிவுகளாக எண்ணியது சற்றுப் பெருந்தன்மையான கணக்கு. லண்டனுக்குப் பிறகு பெண்களின் எடைப்பிரிவுகளை மாற்றியமைத்தார்கள். பழைய 40, 44, 48, 52, 56, 60 என்ற வரிசை போய் 41, 45, 50, 55, 61, 67 என்று வந்தது. பட்டியலில் எண் வேறு என்றாலும் உடம்புக்கு 60ம் 61ம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே மூன்றரைப் பிரிவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9 செப்டம்பர் 2024, இரவு 9.05

தூக்கிய எடையை மட்டும் பார்க்காமல் உடல் எடையால் வகுத்துப் பாருங்கள் என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். நான் கணக்கர் வேலையில் இருப்பவள், வகுக்கச் சொன்னால் வகுத்துவிடுவேன். லண்டன்: 135ஐ 60ஆல் வகுத்தால் 2.25. ரியோ: 130ஐ 55ஆல் வகுத்தால் 2.36. எனவே 2012க்கும் 2016க்கும் இடையில் எண் ஐந்து கிலோ குறைந்தாலும் அவருடைய வலு கூடியிருக்கிறது என்று சொல்லலாம். டோக்கியோ: 131, 61ஆல் வகுத்தால் 2.15. பாரிஸ்: 2.13.

கடைசி இரண்டு எண்களும் என் கட்சிக்கு உதவவில்லை என்பது தெரிகிறது. மறைக்காமல் போட்டிருக்கிறேன் என்பதற்காகவாவது கொஞ்சம் மதிப்பெண் கொடுங்கள்.

10 செப்டம்பர் 2024, காலை 8.20

மேலே உள்ள வகுத்தலை யாரும் நகலெடுத்துப் பரப்ப வேண்டாம், அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, 55 கிலோ பிரிவு என்றால் அவருடைய உடல் 55 கிலோ என்று பொருளில்லை. 55க்கு மேல் போகக்கூடாது என்றுதான் பொருள். மேடையேறும் முன் எடைபார்க்கும் இடத்தில் அவர் எவ்வளவு இருந்தார் என்பதை வைத்துத்தான் வகுத்திருக்க வேண்டும். இரண்டாவது, உடம்பு சிறுத்தால் இந்த விகிதம் தானாகவே கூடும். விகிதத்தை மட்டும் வைத்துத் தங்கம் கொடுப்பதானால் எறும்புக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் எடைப்பிரிவுகளே வைத்திருக்கிறார்கள். ஒரே பிரிவில் இருவர் ஒரே எடையைத் தூக்கிவிட்டால் உடல் எடை குறைந்தவர் வெல்வார் என்ற விதியும் உண்டு. அதற்கு மேல் வகுத்தல் தேவையில்லை.

10 செப்டம்பர் 2024, இரவு 11.30

படுத்துக்கொண்டு கம்பியை மேலே தள்ளுவது, அவ்வளவுதானே, எழுந்து நின்று தூக்குவதுதானே பளு என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இவருக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பலகையில் படுத்தவள்.

எனக்கு வலது கால் போலியோ. கேலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டுக்கொண்டு நடப்பேன். 2011இல், முப்பத்து நான்கு வயதில், திண்டுக்கல்லில் ஒரு ஜிம்மில் சேரப் போனேன். முதலாவதாகப் போன இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மாடியில் இருந்தது, பதினெட்டுப் படிகள். ஏறி முடித்து மூச்சு வாங்க நின்றபோது அதன் உரிமையாளர், "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம், விழுந்து வச்சா நாங்கதான் பதில் சொல்லணும்" என்றார். ஏறியது போலவே இறங்கினேன். இரண்டாவது இடம் தரைத்தளம், தகரக்கூரை, அங்கிருந்த மாஸ்டருக்குப் பேச்சு குறைவு. பெஞ்ச் பிரஸ் பண்ணலாம் என்று மட்டும் சொன்னார்.

சாதாரண ஜிம் பெஞ்சு ஒரு முழம் அகலம்கூட இருக்காது. படுப்பவர் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொள்வார் என்று நம்பிச் செய்த பலகை அது. பாதத்தை அழுத்தி, தொடையை இறுக்கி, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டுதான் எல்லாரும் தள்ளுகிறார்கள். பார்ப்பவர்களுக்குக் கை வேலை செய்வது தெரியும். கால் வேலை செய்வது தெரியாது. நான் கேலிப்பரைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். இடது கால் ஊன்றியது, வலது கால் துணி மாதிரி ஒரு பக்கம் சரிந்தது, கம்பியைத் தூக்கியதும் உடம்பு முழுக்க இடப்பக்கமாகத் திரும்பியது. வெறும் கம்பிதான், 20 கிலோ. மாஸ்டர் ஓடிவந்து கம்பியைப் பிடித்துவிட்டார்.

அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பழைய ஈரிழைத் துண்டைக் கொண்டுவந்தார். இன்னொரு பெஞ்சை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, இரண்டு கால்களையும் அதன்மேல் நீட்டி வைக்கச் சொல்லி, முழங்காலுக்கு மேலே துண்டைச் சுற்றிப் பலகையோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். பாராலிம்பிக் போட்டியில் இதற்கென்றே பட்டைகள் இருக்கின்றன என்பதோ, கால்கள் பலகைமேல் நீட்டியிருக்க வேண்டும் என்பது விதி என்பதோ எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. தேவை என்ன என்பதைப் பார்த்து அவர் கட்டினார், அது விதிப்புத்தகத்தோடு ஒத்துப்போயிற்று.

அன்றைக்குத்தான் இந்த விளையாட்டு எனக்குப் புரிந்தது. துண்டு கட்டியதும் உடம்பு சரியவில்லை, ஆனால் காலிலிருந்து வரவேண்டிய உதவி ஒரு துளியும் வரவில்லை. எல்லாம் மார்பு, தோள், கை. முதுகில் வளைக்கக் கிடைத்ததும் கொஞ்சம்தான். நின்று தூக்குவதைவிட இது எளிது என்று சொல்பவர் ஒருமுறை இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு, தமக்கு வழக்கமான எடையைத் தள்ளிப் பார்க்கட்டும்.

11 செப்டம்பர் 2024, காலை 7.00

விதியைப் பற்றி நேற்று பாதியில் விட்டேன். கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்து, முழங்கைகளைப் பூட்டி, அசையாமல் காத்திருக்க வேண்டும். நடுவர் குரல் கொடுத்த பிறகுதான் இறக்கலாம். மார்பில் வைத்ததும் அது அங்கே நின்றது என்று கண்ணால் பார்த்துத் தெரிய வேண்டும், குதிக்க விடக்கூடாது. பிறகு இரண்டு கைகளும் ஒரே சீராக மேலே போய் முழங்கைகள் பூட்ட வேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குப் போட வேண்டும். மூன்று முயற்சிகள் உண்டு. நான்காவதாக ஒன்று கொடுப்பதுண்டு, ஆனால் அது உலக சாதனைக்கு மட்டும், பதக்கக் கணக்கில் சேராது.

மார்பில் நிறுத்துவது இருக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கும். இறங்கி வந்த வேகத்தைப் பயன்படுத்தி மேலே எகிற வைப்பது ஜிம்மில் எல்லாரும் செய்வது. நிறுத்திவிட்டால் அந்த வேகம் செத்துப்போகும், மறுபடி சுழியிலிருந்து தொடங்க வேண்டும். நான் எகிறவைத்து 50 தள்ளிக்கொண்டிருந்த நாட்களில், மாஸ்டர் நிறுத்தச் சொன்னதும் 40க்கு வந்துவிட்டேன்.

130 கிலோ என்பது எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கு: 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்து, அதன்மேல் இன்னொரு ஐந்து கிலோ பை. அதை மார்பில் வைத்து நிறுத்தி, கால் உதவியில்லாமல் மேலே அனுப்ப வேண்டும்.

11 செப்டம்பர் 2024, இரவு 10.10

கால் துண்டிக்கப்பட்டவர், போலியோ வந்தவர், குள்ளமாகப் பிறந்தவர் எல்லாரையும் ஒரே போட்டியில் விடுவது நியாயமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. நல்ல கேள்வி. ஓட்டத்திலும் நீச்சலிலும் குறைபாட்டின் அளவுக்கேற்பப் பல வகுப்புகள் இருக்கின்றன. வலுதூக்குதலில் ஒரே வகுப்புதான், பிரிப்பது உடல் எடை மட்டும். தகுதி உண்டா இல்லையா என்று பார்ப்பார்கள், உண்டு என்றால் அதற்கு மேல் தரம் பிரிக்கமாட்டார்கள். முழங்கையை நீட்டுவதிலும் வரம்பு உண்டு, முழு நீட்டத்துக்கு 20 பாகைக்கு மேல் குறையக்கூடாது.

பெரெஸுக்கு இருப்பது ஆர்த்ரோகிரிபோசிஸ், பிறவியிலேயே மூட்டுகள் இறுகியிருக்கும் நிலை. சக்கர நாற்காலியில் இயங்குபவர். அவரோடு போட்டியிட்ட நைஜீரியாவின் லூசி எஜிகேவுக்குச் சிறு வயதில் போலியோ. போலியோக் கால் எடை குறைவு. எனவே ஒரே 61 கிலோவில் யாருடைய உடம்பில் மேல்பாதி அதிகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இது முழு நியாயமா என்றால் இல்லை. ஆனால் நெட்டைக் கை, குட்டைக் கை என்று பார்த்தால் எந்தப் பளு போட்டியும் முழு நியாயம் இல்லை.

13 செப்டம்பர் 2024, இரவு 11.50

இரண்டு நாள் எழுதவில்லை, பழைய முடிவுகளை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன் என்று தெரிகிறது.

சிட்னியிலிருந்து டோக்கியோவரை ஆறு பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர் பெரெஸ் மட்டும் அல்லர். எகிப்தின் ஃபாத்மா ஓமர் சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன் நான்கிலும் தங்கம், ரியோவிலும் டோக்கியோவிலும் வெள்ளி பெற்றார். லூசி எஜிகே சிட்னியில் வெள்ளி, ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் தங்கம், லண்டனில் வெள்ளி, ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெண்கலம் பெற்றார். மூன்று பெண்கள், மூன்று நாடுகள், ஆறுக்கு ஆறு. முதல் குறிப்பில் பெரெஸைத் தனி மரமாக நட்டுவைத்துப் பேசியது தவறு. பாரிஸில் ஏழாவது பதக்கம் வந்த பிறகுதான் அவர் தனியானார்.

இனி எடைப்பிரிவுக் குற்றச்சாட்டு. லண்டனில் ஓமரும் எஜிகேவும் 56 கிலோ பிரிவில் மோதினார்கள், ஓமர் 142 தூக்கி வென்றார். பெரெஸ் 60இல் இருந்தார், 135. அதாவது அவரைவிட மெலிந்த பிரிவில் இருந்த ஒருவர் அவரைவிட ஏழு கிலோ அதிகம் தூக்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன எடைப்பிரிவு மாற்றம் வருகிறது. 56 இல்லாமல் போனதும் மற்ற இருவரும் 61க்கு ஏறினார்கள். ஏற்கெனவே 60இல் இருந்த பெரெஸுக்கு 61 கையெட்டும் தூரம். அவரோ 55க்கு இறங்கினார். ரியோவில் 61இல் எஜிகே 142 தூக்கித் தங்கம், ஓமர் வெள்ளி. பெரெஸ் 55இல் 130 தூக்கித் தங்கம். சாலையில் எதிரெதிரே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தொடாமல் விலகிப் போனது போல இருக்கிறது.

எனவே நண்பரே, லண்டனிலும் ரியோவிலும் அவர்கள் மூவரையும் ஒரே பிரிவில் நிறுத்தியிருந்தால் பெரெஸ் தங்கம் வாங்கியிருப்பாரா என்று கேட்டால், எண்கள் இல்லை என்றுதான் சொல்கின்றன. இதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

14 செப்டம்பர் 2024, காலை 6.45

நேற்று எழுதியதில் ஒரு சொல் உறுத்துகிறது. "இறங்கினார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

ஒருமுறை ஒரு மாவட்டப் போட்டிக்காக நானும் இறங்கினேன். என் எடை 53, கீழ்ப்பிரிவுக்கு வர மூன்று கிலோ குறைய வேண்டும். நடப்பவர்கள் சோற்றைக் குறைத்து, காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து குறைப்பார்கள். எனக்கு நடை பயிற்சியாக உதவாது, கால்வலிக்குத்தான் உதவும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. உடம்பின் மிகப் பெரிய தசைகள் இருக்கும் இடம் வேலை செய்யாதபோது, தின்றதை எரிக்க அடுப்பே சின்னதாகிவிடுகிறது. எனவே தட்டில்தான் கை வைக்க வேண்டும். நான்கு மாதம் ஆனது. மூன்று கிலோ குறைந்தபோது என் பெஞ்ச் பிரஸ் 52.5இலிருந்து 45க்கு வந்திருந்தது. கொழுப்பு போகும் முன் தோள் போய்விட்டது. போட்டியில் நான் எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

பெரெஸ் ஐந்து கிலோ அளவுக்கு இறங்கி, தூக்கும் எடையில் ஐந்து கிலோ மட்டும் இழந்தார். ஓமரோடும் எஜிகேவோடும் மோதாமல் விலகினார் என்பதை நான் திரும்பப் பெறவில்லை. விலகிய வழி எளிதான வழி இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14 செப்டம்பர் 2024, மாலை 5.30

சரி, டோக்கியோவை விட்டுவிட்டோமே. தொற்றுக்காலத்தால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த அந்தப் போட்டிக்குப் பெரெஸ் 55இலேயே இருந்திருக்கலாம். 61க்கு வந்தார். அங்கே யார் இருந்தார்? ரியோவில் அதே பிரிவில் தங்கம் வென்ற எஜிகே. பெரெஸ் 131 தூக்கித் தங்கம், சீனாவின் சுயி ஜியான்ஜின் வெள்ளி, எஜிகே வெண்கலம். ஓமர் 67க்குப் போயிருந்தார், அங்கே வெள்ளி.

விலகிப் போனார் என்றால் விலகியவர் திரும்பியும் வந்தார். எஜிகே ரியோவில் இருந்த வலுவோடு டோக்கியோவில் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. பெரெஸும் லண்டனில் இருந்த வயதில் இல்லை.

15 செப்டம்பர் 2024, இரவு 9.40

நாளிதழ் ஒன்றில் பெரெஸைப் பற்றி ஒரு பத்தி படித்தேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, குறையை வென்ற நிறை என்று எல்லாம் இருந்தது. எத்தனை கிலோ தூக்கினார் என்பது எங்கேயும் இல்லை. கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதும்போது ஓட்டங்களைச் சொல்லாமல் அவருடைய மன உறுதியை மட்டும் எழுதுவார்களா? இந்த இழையைத் தொடங்கியவர் குற்றம் சாட்டினாலும் 135, 130 என்று எண்ணோடு வந்தார். புகழ்ந்த பத்தியைவிட அவருடைய வசையில் மரியாதை அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

16 செப்டம்பர் 2024, காலை 7.10

இந்தியாவில் யார் என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. வலுதூக்குதலில் நமக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராலிம்பிக் பதக்கம் 2004 ஏதென்ஸில் ராஜிந்தர் சிங் ரஹேலு வாங்கிய வெண்கலம். பெண்களில் மேற்கு வங்கத்தின் சகினா காத்தூன் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலமும் டோக்கியோவில் ஐந்தாம் இடமும் பெற்றவர். பாரிஸில் தமிழ்நாட்டிலிருந்து கஸ்தூரி ராஜாமணி 67 கிலோ பிரிவில் 106 கிலோ தூக்கி எட்டாம் இடத்தில் வந்தார். நம் ஊர்ப் பெண் ஒருவர் அந்த மேடையில் படுத்தெழுந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போட்டி முடிந்த பிறகுதான் தெரியும். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

18 செப்டம்பர் 2024, இரவு 11.15

பன்னிரண்டு ஆண்டுகளில் 135இலிருந்து 130க்கு இறங்கிவிட்டாரே என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் 2016இல் ஏன் நிறுத்தினேன் என்பதிலிருந்துதான் என்னால் சொல்ல முடியும்.

எனக்கு வலது தோளில் வலி வந்தது. மருத்துவர் ஆறு வாரம் ஓய்வு கொடுங்கள் என்றார். நல்ல கால் உள்ள ஒருவருக்குத் தோள் வலி வந்தால் தோளுக்கு ஓய்வு கொடுக்க முடியும். நான் பேருந்துப் படியில் ஏறுவது கையால் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து. கட்டிலிலிருந்து எழுவது கையை ஊன்றி. குளியலறையில், சமையல்கட்டில், அலுவலக நாற்காலியில், எல்லா இடத்திலும் தோள்தான் எனக்குக் கால். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட அந்தத் தோள் சும்மா இருக்கவில்லை. ஜிம்மை நிறுத்துவது ஒன்றுதான் என் கையில் இருந்தது, நிறுத்தினேன்.

சக்கர நாற்காலிக்காரருக்கு இது இன்னும் கூடுதல். சக்கரத்தைத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து காருக்கு, காரிலிருந்து நாற்காலிக்கு, அங்கிருந்து பெஞ்சுக்கு உடம்பைத் தூக்கி மாற்றுவது, எல்லாம் அதே இரண்டு தோள்கள். 2000 முதல் 2024வரை அதே மூட்டுகளை வைத்துக்கொண்டு பயிற்சியும் செய்து, அன்றாட வாழ்வையும் நடத்தி, லண்டனில் 135 தூக்கியவர் பாரிஸில் 130 தூக்கியிருக்கிறார். இதைக் குறைவு என்று எழுதியவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்குத் தோள் வலித்திருக்காது.

அவருடைய பயிற்சியாளர் கணவர் ஹோசே என்ரிகே அல்வராடோதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது பயிற்சி நேரம், எது வீட்டு நேரம் என்று அந்த வீட்டில் எப்படிப் பிரிக்கிறார்களோ.

19 செப்டம்பர் 2024, மாலை 6.20

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: தோள் விஷயத்தை ஏற்கிறாராம், ஆனால் பெண்கள் வலுதூக்குதலின் தலைசிறந்தவர் ஓமர்தான், பெரெஸ் இல்லை என்கிறார். பாரிஸில் 61இல் தங்கம் வென்ற நைஜீரியாவின் ஒன்யின்யெச்சி மார்க் தூக்கியது 150, உலக சாதனை, பெரெஸைவிட இருபது கிலோ அதிகம் என்றும் நினைவூட்டுகிறார்.

மறுக்கவில்லை. உச்சத்தில் யார் வலுவானவர் என்றால் நான் ஓமரின் லண்டன் 142ஐத்தான் கைகாட்டுவேன். மார்க்கின் 150ஐப் பார்த்தால் இனி வருபவர்கள் அதையும் சின்னதாக்கிவிடுவார்கள். எட்டாம் தேதி நான் பேச ஆரம்பித்தபோது பெரெஸ் எல்லாவற்றிலும் முதலாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இப்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: சிட்னியில் முதல்முறையாகப் பெண்களுக்குப் பலகை போட்ட நாளில் படுத்தவர்களில், அன்று முதல் பாரிஸ்வரை ஒரு மேடையைக்கூடத் தவறவிடாதவர் அவர் ஒருவர்.

22 செப்டம்பர் 2024, காலை 11.00

கடைசிச் செய்தி சொந்தச் செய்தி. பழைய மாஸ்டரைத் தேடிப் போனேன். அதே தகரக்கூரை. என்னைப் பார்த்ததும் "தோளு எப்படிம்மா இருக்கு" என்றார், நடுவில் எட்டு வருடம் போனதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பாரிஸ் போட்டியின் காணொலியைக் காட்டினேன். கம்பியைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு என்ன என்றார். நீளம் 2.1 மீட்டர், அகலம் 61 செண்டிமீட்டர், தலைப்பக்கம் மட்டும் 30 ஆகக் குறுகும், உயரம் 45க்கும் 50க்கும் இடையில் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவருக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனோம். ஆசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால் பக்கம் அகலம், தலைப் பக்கம் ஒடுக்கம். கட்டிலுங்களா, பாடைங்களா?" என்று கேட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. "இருநூறு கிலோ தாங்கணும்" என்றார். ஆசாரி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேக்கு வேண்டாம், வேங்கை போதும், வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்.